கரிசலில் இசை கேட்டல்: ஒரு வரலாற்றுக்கான சில குறிப்புகள்

1

இசை வரலாறு என்று நம்மிடம் இருப்பதெல்லாம் பாடினவர்களின் வரலாறு, வாசித்தவர்களின் வரலாறு, அவர்களைப் போஷித்த ஜமீன்களின் வரலாறு. கேட்டவர்களுக்கு வரலாறு கிடையாது. 'ரசிகப் பெருமக்கள்' என்று ஒரு வரியில் அவர்களை உட்காரவைத்துவிட்டு வரலாற்றாசிரியர் மேடைப் பக்கம் திரும்பிவிடுகிறார். யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் தெருமுனையோடு நிறுத்தப்பட்டார்கள், யார் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே காதை மட்டும் கோயில் பக்கம் அனுப்பிவைத்தார்கள் என்பதெல்லாம் இசையியலின் கேள்விகளாக ஆவதில்லை. 'அது சமூகவியல்' என்று சொல்லி வேறு திண்ணைக்குத் தள்ளிவிடுவார்கள்.

இந்தக் கேள்விகளை இப்போது எழுப்பக் காரணம் இருக்கிறது. செல்போனைத் தட்டினால் எல்லாப் பாட்டும் எல்லாருக்கும் என்ற பெருங்கதையாடல் ஒன்று இன்று புழங்குகிறது. அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 'எல்லாருக்கும்' என்ற சொல் இந்த மண்ணுக்குப் புதுசில்லை. கோயில் மேளம் எல்லாருக்கும் என்றார்கள். பஞ்சாயத்து ரேடியோ எல்லாருக்கும் என்றார்கள். கேசட் வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாசல் திறந்தது நிஜம். திறந்த வாசலில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்ததும் நிஜம். அந்தக் காவல்காரன் எப்படியெல்லாம் வேஷம் மாறி வந்திருக்கிறான் என்று பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

பார்ப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் இடைசெவல். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகிற பெருஞ்சாலையில் உள்ள மானாவாரிக் கிராமம். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். இரண்டு சாகித்திய அகாதெமி விருதுக்காரர்களைக் கொடுத்த ஊர் என்று இலக்கியக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியமாகப் படுகிறது. இரண்டு பேரும் சங்கீதப் பித்தர்கள். இரண்டு பேரும் சபா நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பித்தைத் தேடிக்கொண்டவர்கள் இல்லை.

2

இடைசெவலிலிருந்து எட்டயபுரம் மாட்டுவண்டித் தூரம். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் அங்கேதான் காலமானார். அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை ஆதரவில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைத் தொகுத்தார். அது 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. ஸ்வரங்களுக்கு மேலே கமகங்களைக் குறிக்கத் தனித்தனி அடையாளங்கள் போட்டு, பாட்டைத் தாளில் பிடித்துவைத்த பெருமுயற்சி. ஒலியைக் காலத்திலிருந்து பிரித்தெடுத்துச் சேமிக்கிற தொழில்நுட்பம் என்ற அர்த்தத்தில் கரிசல் சீமையின் முதல் 'ரெக்கார்டிங்' இதுதான் என்று நான் சொல்வேன். குடும்பச் சொத்தை அச்சிலேற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பிரதாயம் என்பது சம்பிரதாயக்காரர்களால் மட்டும் காப்பாற்றப்பட்டதில்லை.

நூல் தெலுங்கு எழுத்தில் வந்தது. இங்கேதான் வரலாறு சிரிக்கிறது. இடைசெவல் மாதிரி ஊர்களில் பாதி வீடுகளில் வீட்டுப் பேச்சே தெலுங்குதான். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுகிற வீடுகள். ஆனால் படித்தது தமிழ் எழுத்து. தெலுங்கைப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தன் தாய்மொழியில், தன் வீட்டுக்குப் பக்கத்தில் அச்சான புத்தகம் சம்சாரிக்குப் பூட்டின பெட்டிதான். பிறகு சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. எழுத்து மாறினாலும் ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே அது பாட்டாகும்.

அரண்மனையை விட்டு வெளியே வந்தால் தெரு. கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்காகச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, நடக்கிற காலுக்குப் பாடின பாட்டு. 1891-ல் அவர் இளவயதிலேயே இறந்துபோனார். மெட்டுகள் அவரோடு போகவில்லை; நடந்த கால்களோடு போய்ச் சேர்ந்தன. பின்னாளில் அந்தச் சிந்தைப் பதிப்பித்தவர்களில் ஒருவர் கு.அழகிரிசாமி என்பது தற்செயல் இல்லை.

ஆனால் அந்தத் தெரு யாருடையது? அதே கழுகுமலையில் 1895 பங்குனித் தேரோட்டத்தின்போது கலவரம் வெடித்தது. தேர்வீதிகளில் ஊர்வலம் போகிற உரிமை நாடார்களுக்கு உண்டா என்று கோர்ட்டு வரைக்கும் போன பகை அது. ஜமீன் மேலாளர் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். ஊர்வலம் என்றால் மேளம். மேளம் எந்த வீதியில் போகலாம், எந்த வீதியில் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும் என்பது சாதி அதிகாரத்தின் வரைபடம். நாகஸ்வரத்துக்குக் கூரை கிடையாது, அது ஜனநாயக வாத்தியம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூரைதான் கிடையாது. எல்லைக்கல் இருந்தது. சேரியில் இருந்தவர் தோடியைக் கேட்கத்தான் செய்தார். காற்று கொண்டுவந்து போட்ட அளவுக்குக் கேட்டார். நாகஸ்வரத்தின் நீண்ட வீச்சை அழகியல் குணமாகப் பேசுகிறோம். கிட்டே வரக்கூடாது என்று விலக்கப்பட்டவருக்கு அந்த வீச்சு ஒன்றே வழியாக இருந்தது.

3

கி.ராவும் அழகிரிசாமியும் இசையைக் கண்டுபிடித்த முறை நடை. ஆள் சொன்ன துப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது. 'இன்ன ஊர்க் கொடையில் இன்னார் வாசிக்கிறாராம்' என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால் போதும். தேடல் இயந்திரம் அப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அது பதில் சொல்லும். பதிலோடு இரண்டு வம்பும் சொல்லும்.

அவர்கள் தேடிப் போனவர்களில் இரண்டு பேரை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். ஒருவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் காருகுறிச்சியில் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் வந்து குடியமர்ந்தவர். 1964-ல், நாற்பத்திமூன்று வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். மற்றவர் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகள். காடல்குடி ஜமீன் வழியில் வந்தவர். ஒரே ராகத்தை, முக்கியமாகக் கரகரப்ரியாவை, மணிக்கணக்கில் பாடுவார் என்பது கேட்டவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த செய்தி. கி.ரா அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். சுவாமிகள் 1965-ல் மறைந்தார்.

ஒரு வருஷ இடைவெளியில் மறைந்த இரண்டு பேர். காருகுறிச்சியார் இன்றைக்கும் நம் காதில் இருக்கிறார். கச்சேரிப் பதிவுகள், வானொலிப் பதிவுகள், எல்லாவற்றுக்கும் மேலாக 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில் எஸ்.ஜானகியின் குரலும் அவர் நாகஸ்வரமும் சேர்ந்த அந்த ஆபேரிப் பாட்டு, 'சிங்காரவேலனே தேவா', அவரை ராகம் தெரியாத வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுவாமிகளின் பெயரைச் செல்போனில் தட்டினால் அவர் குரல் வராது. அவரைப் பற்றின பேச்சு வரும். மற்றவர்கள் எழுதினதை இன்னொருவர் வாசித்துக்காட்டுவது வரும்.

இதைத் தனிமனிதத் தலைவிதி என்று விட்டுவிட முடியாது. கருவியின் கொள்ளளவைப் பாருங்கள். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம். ராத்திரி முழுக்க ஊதின ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அந்தச் சிமிழுக்குள் அடங்கித்தான் ஊர் ஊராகப் போனது. கிட்டப்பாவின் நாடகப் பாட்டும், கே.பி.சுந்தராம்பாளின் பாட்டும் அந்த அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டவை. நாடக மேடைப் பாட்டுக்கு அது ஒத்துவரும். மூணு மணி நேரக் கரகரப்ரியாவை எந்தக் கம்பெனி எந்தத் தட்டில் ஏற்றும்? ஏற்றினாலும் வாங்குவது யார்? வித்வானின் ஆற்றலை அளந்து, எது வரலாறாகும் எது வெறும் பேச்சாகும் என்று பிரித்ததில் அரக்குத் தட்டின் விட்டத்துக்கும் பங்குண்டு. சுவாமிகளைப் பாதுகாத்துவைத்தது கேட்டவர்களின் ஞாபகம். ஞாபகம் எழுத்தாக மாறினால் குரல் உவமையாகிவிடுகிறது.

சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் பிழைக்கப் போன அழகிரிசாமி கி.ராவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் சங்கீதப் பேச்சு நிறைய. இன்றைக்கு ஒரு பாட்டைக் கேட்ட அடுத்த நொடியில் அதைத் தட்டி நண்பனுக்கு அனுப்பிவிடுகிறோம். அன்றைக்குப் பாட்டை அனுப்ப முடியாது. கேட்ட காதை அனுப்ப வேண்டியிருந்தது. எந்த இடத்தில் புல்லரித்தது, எந்த இடத்தில் வித்வான் ஏமாற்றினார் என்று எழுதியாக வேண்டும். பாட்டு கிடைக்காத வறுமையில் கேட்டலைப் பற்றின மொழி ஒன்று உருவாயிற்று. பாட்டு பெருகிக் கிடக்கிற நாளில் அந்த மொழியின் இடத்தில் ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நிற்கிறது.

4

வானொலி வந்தது. பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கி ஊர்ப் பொதுவில் நின்றது. ஒலிக்குத் தீட்டு கிடையாது என்பதால் எல்லைக்கல்லைத் தாண்டிப் போயிற்று. இது சின்ன விஷயமில்லை. வீட்டில் தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் லைசென்ஸ், அதற்கு வருஷா வருஷம் தபாலாபீசில் பணம்.

1952-லிருந்து பத்து வருஷம் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து துரத்தி, சாஸ்திரிய சங்கீதத்தால் ஜனங்களின் காதைக் கழுவப் பார்த்தார். கழுவப்பட வேண்டிய காதுகள் கடல்தாண்டிப் போய்விட்டன. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கியிருந்தது. தூத்துக்குடிக் கரைக்கு அந்தப் பக்கம் கொழும்பு; இந்தப் பக்கம் கரிசல். தெளிவாகக் கேட்கும். தேச எல்லை ஒன்று, அலைவரிசையின் எல்லை வேறு. தோற்றுப்போன தில்லி 1957-ல் விவித பாரதியை ஆரம்பித்துச் சினிமாப் பாட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டது. திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்தது 1963-ல். அதற்கு முன்னாலேயே எங்கள் பக்கத்து வீடுகளில் மயில்வாகனத்தின் குரல் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இந்தப் பாட்டுகள் எப்படிக் கேட்கப்பட்டன? கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களைக் கேட்டால் தெரியும். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, 'ஆபீஸ்'தான். கை பாட்டுக்குக் குச்சி அடுக்கும், லேபிள் ஒட்டும். காது ரேடியோவில் இருக்கும். அடுக்கின கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பாட்டு நின்றால் கை தளரும் என்பது முதலாளிக்கும் தெரியும். அங்கே இசை ரசனைப் பொருளாகவும் இருந்தது, உற்பத்திச் சாதனமாகவும் இருந்தது.

தியோடர் அடோர்னோ 1938-ல் எழுதிய கட்டுரையில், வெகுஜன இசை கேட்பவனின் காதையே பின்னடையச் செய்துவிட்டது என்றார். கவனம் சிதறிய, துண்டு துண்டான கேட்டல் அது என்று அவருக்குக் கோபம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வால்டர் பெஞ்சமின் வேறு விதமாகப் பார்த்திருந்தார்: கவனச் சிதறலிலும் மக்கள் பரிசோதிக்கிறார்கள், பழகிக்கொள்கிறார்கள், மதிப்பிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெஞ்சமினின் பக்கம் சாட்சி சொல்லும் என்பது என் எண்ணம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் குரல் 'இழுக்குது', எந்தப் பாட்டுக்கு இது அண்ணன்தம்பி என்று துல்லியமாகச் சொல்கிற அக்காமார்களை எனக்குத் தெரியும். ராகப் பெயர் மட்டும் சொல்லத் தெரியாது.

கை கட்டி, வாய் பொத்தி, முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்து கேட்பதுதான் சரியான கேட்டல் என்பது சமீபத்திய ஏற்பாடு. 1928-ல் சென்னை மியூசிக் அகாதெமி உருவான காலத்தை ஒட்டி நகரத்து மத்தியதர வர்க்கம் தனக்கென்று வகுத்துக்கொண்ட நடத்தை விதி. எங்கள் ஊர்க் கொடைகளில் மேளக்காரர் ராகத்தை விரித்துக்கொண்டிருக்கும்போது கோயில் பின்னால் நாலு பேர் தாயம் உருட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல பிடி ஒன்று விழுந்தால் உருட்டின காய் கையிலேயே நிற்கும், 'அடடா' என்பார்கள், பிறகு பாக்கித் தாயம். ஆட்டமும் கேட்டலும் எதிரிகள் இல்லை.

5

எண்பதுகளில் கேசட் வந்தது. கோவில்பட்டிக் கடைத்தெருவில் 'பாடல் பதிவு செய்து தரப்படும்' என்ற போர்டுகள் முளைத்தன. ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒரு காலி கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் கிடைக்கும். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட அந்தப் பட்டியல், அச்சேறாத விமர்சனக் கட்டுரை. முதன்முதலாகக் கேட்பவன் நிகழ்ச்சி நிரலைத் தானே போட்டான். அதுவரைக்கும் ஜமீன் போட்டார், கோயில் தர்மகர்த்தா போட்டார், வானொலி அதிகாரி போட்டார்.

ஆனால் கடைக்காரரிடம் இருப்பதைத்தான் கேட்க முடியும். நான் ஒரு தடவை பட்டியலில் 'காருகுறிச்சி, தோடி' என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தோடியா? எந்தப் படம்ணே?" சரியான கேள்வி. சினிமாதான் அவருடைய நூலகத்தின் அட்டவணை முறை. அட்டவணையில் இல்லாதது உலகத்தில் இல்லை.

கேசட்டோடு கூடவே ஒரு கைமருத்துவமும் வளர்ந்தது. நாடா சிக்கினால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுத்து. சத்தம் மங்கினால் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஹெட்டைத் துடை. அறுந்தால் செலோ டேப்பை நறுக்கி ஒட்டு. பாட்டில் ஒரு வார்த்தை போகும், பாட்டு பிழைக்கும். மேலே உள்ள இரண்டு காதை உடைத்துவிட்டால் யாரும் அழித்துப் பதிய முடியாது; மனசு மாறினால் காதில் காகிதத்தை அடைத்துக்கொள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. வாய்மொழியாகவே பரவின தொழில்நுட்ப அறிவு இது. நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் மாட்டு வைத்தியத்தைச் சேகரித்த அக்கறையோடு இதையும் சேகரித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே மாவட்டத்துக் கொடியங்குளத்தில், தேவேந்திரர்கள் வாழும் கிராமத்தில், நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர். அன்றைக்கு அடித்து நொறுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் மனித உரிமை அறிக்கைகளில் இருக்கிறது: தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் மிஷின்கள், டேப் ரெக்கார்டர்கள். டேப் ரெக்கார்டரை ஏன் உடைக்க வேண்டும்? அது ஆயுதமில்லை. தான் விரும்பின பாட்டைத் தான் விரும்பின சத்தத்தில் தன் வீட்டுத் திண்ணையில் கேட்பது என்பது, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்கிறேன் என்ற அறிவிப்பு. காற்று கொண்டுவந்து போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தாங்களே காற்றில் ஒலியைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 1895-ல் வீதியில் நடந்த சண்டை நூறு வருஷம் கழித்து வீட்டுக் கூடத்துக்குள் வந்து கருவியைக் குறிவைத்தது. கேட்பது உரிமை என்று நான் சொல்லும்போது அலங்காரமாகச் சொல்லவில்லை.

6

எம்பி3 என்ற பெயர் 1995-ல் சூட்டப்பட்டது. அது கரிசலுக்கு வந்து சேர்ந்தது மெமரி கார்டு வடிவத்தில். கேசட் கடைகள் செல்போன் கடைகளாயின. 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்'. பட்டியல் போடுகிற வேலை போயிற்று. ஐந்நூறு பாட்டு மொத்தமாக ஏறியது, விவசாயி மூட்டை ஏற்றுகிற மாதிரி. வயல்வெளியில் சைனா செட்டுகள் அலறின. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு வந்த பிறகு அந்தக் கடைகளும் பாட்டை விட்டுவிட்டு, ரீசார்ஜ், கண்ணாடி ஒட்டுதல் என்று போய்விட்டன. 2005-ல் தொடங்கப்பட்ட யூடியூப், ஆட்டுக்கு இலை ஒடிக்கிறவர் கைக்கும் வந்தது.

வந்ததும் நான் செய்த முதல் வேலை தோடியைத் தேடினதுதான். ஆங்கில எழுத்தில் அடித்தேன். வரிசையாக இந்திப் பாட்டுகள் வந்து நின்றன. இந்தியில் 'தோடி' என்றால் 'கொஞ்சம்'. கொஞ்சம் காதல், கொஞ்சம் போதை. கோவில்பட்டிக் கடைக்காரரின் "எந்தப் படம்ணே?" கலிபோர்னியா வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறது! அட்டவணை பெரிதாகியிருக்கிறது, அட்டவணைக்காரன் கேட்கிற கேள்வி மாறவில்லை. அரை மணி நேர நாகஸ்வர ஆலாபனைக்கு இயந்திரம் தானாகப் போடுகிற எழுத்துரையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் அடைப்புக்குறிக்குள் ஒரே வார்த்தை: 'இசை'. ஒரு வகையில் மறுக்க முடியாத விமர்சனம்.

ஆகவே, பென்சில் வைத்தியத்தின் வாரிசாகச் சில கைமுறைகளை இங்கே பதிந்துவைக்கிறேன். ராகப் பெயரையும் வித்வான் பெயரையும் முதலில் தமிழ் எழுத்தில் தேடுங்கள். பிறகு ஆங்கிலத்தில், 'எச்' எழுத்தோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம். காருகுறிச்சிக்கு ஒற்று போட்டு ஒரு தரம், போடாமல் ஒரு தரம். தலைப்பை நம்பாதீர்கள், கீழே உள்ள பின்னூட்டங்களில் எந்த ஊர்க் கல்யாணம், எந்த வருஷம், தவில் யார் என்று ஏதோ ஒரு பெரியவர் எழுதிவைத்திருப்பார். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்டால் சுருதி மாறாமல் பிடிகள் பிரிந்து கேட்கும். தானாக அடுத்ததை ஓட்டுகிற வசதியை அணைத்துவையுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கும் முன் கணக்கை மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கரகரப்ரியாவுக்கு அடுத்தாப்பில் துப்பாக்கிச் சண்டை வரும்.

துப்பாக்கிச் சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பப்ஜியை 2020-லும் ஃப்ரீ ஃபயரை 2022-லும் அரசாங்கம் தடை செய்தது. எங்கள் பக்கத்துப் பையன்கள் தடை வந்த மறுநாளே வேறொரு ஆட்டத்தில் இருந்தார்கள். சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு காதில் ஆட்டத்தின் சுடுசத்தம், இன்னொரு காதில் பாட்டு என்று உட்கார்ந்திருந்தான். "என்னடே கேக்க?" என்றேன். "நாதஸ்வரம் மாமா. இத போட்டா கை நடுங்காது" என்றான். பார்த்தால் ஆபேரி. ஏதோ குறும்படத் துண்டில் இரண்டு விநாடி கேட்டுவிட்டு, அதன் வாலைப் பிடித்துப் பழைய பதிவு வரைக்கும் போயிருக்கிறான். ஊதியவர் பெயர் தெரியுமா என்றேன். "தம்னைல்ல படம் இல்லையே மாமா" என்றான். அடோர்னோ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்குக் கோயில் பின்னால் தாயம் உருட்டியவர்களும் குச்சி அடுக்கியவர்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியமானது. தாயம் ஆடினவர்களுக்கு ஊதுகிறவர் இன்னார், இன்னார் சிஷ்யர், போன வருஷம் சம்பளத்தில் தகராறு பண்ணினார் என்பது வரைக்கும் தெரியும். ஒலி மனிதர்களோடு பிணைந்து வந்தது. இங்கே ஒலி வருகிறது, பெயர் உதிர்ந்துவிடுகிறது.

7

கடைசியாக ஆவணக் காப்பகம் என்ற பிரச்சினை. தேடினால் கிடைக்கிறது என்ற அனுபவம், கிடைக்காதது இல்லவே இல்லை என்ற நம்பிக்கையாக மெல்ல மாறுகிறது. அதிகாரம் இங்கே தடை போடுவதில்லை, தராமலே இருந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் எஸ்.எஸ்.போத்தையா போன்றவர்கள் அலைந்து சேகரித்த பாட்டுகள் நா.வானமாமலையின் தொகுப்பு முயற்சிகளில் இடம்பெற்றன. அவருடைய 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-ல் வந்தது. அச்சில் சொல் வந்தது, மெட்டு வரவில்லை. 1904-ல் அரண்மனை ஆதரவில் ஒவ்வொரு கமகத்துக்கும் அடையாளம் போட்டு அச்சடிக்க முடிந்திருந்தது. அறுபது வருஷம் கழித்தும் களை எடுத்தவளின் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் சொல் மட்டுமே மிச்சம். தாள் ஒன்றுதான், அச்சு ஒன்றுதான். எது இசை, எது வெறும் 'வாய்மொழி' என்ற பாகுபாடு முன்கூட்டியே செய்யப்பட்டாகிவிட்டது. சுவாமிகளின் ஆலாபனைக்குக் குரல் போய்ப் பேச்சு மிஞ்சியது. எங்கள் பாட்டிகளின் ஒப்பாரிக்குக் குரல் போய்ப் பிரதி மிஞ்சியது. ஜமீன் வழி வந்தவரும் கூலிக்காரியும் ஆவணத்தின் முன்னால் இப்படி ஒரே வரிசையில் வந்து நிற்பது விநோதம்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேச ஒரு கி.ரா இருந்தார்.

மறுபக்கமும் இருக்கிறது. சங்கீதப்ரியா போன்ற இணையதளத்தில் தன்னார்வலர்கள் கடைக்கு வராத கச்சேரிப் பதிவுகளைத் திரட்டிப் பொதுவில் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் யாரோ பெரிய ஸ்பூல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்துவந்த நாடாக்கள், பரணிலிருந்து இறங்கிப் பொதுச் சொத்தாகியிருக்கின்றன. அதே வெளியில், நூற்றைம்பது வருஷக் கீர்த்தனையை ஒரு கிராமத்துக் கலைஞர் வாசித்து ஏற்றினால், 'இது எங்கள் சொத்து' என்று ஏதோ கம்பெனியின் பெயரில் தானியங்கி அறிவிப்பு வருகிறது. தேர்வீதியின் காவல்காரன் இப்போது கம்பு வைத்திருக்கவில்லை, மென்பொருள் வைத்திருக்கிறான்.

ஆகவே 'இணையம் இசையைக் காப்பாற்றியது' என்பதும், 'இணையம் இசையைக் கெடுத்தது' என்பதும் எனக்கு ஒரே சோம்பலின் இரண்டு பக்கங்களாகவே படுகின்றன. கேட்டவர்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. வாசல் திறக்கும்போதெல்லாம் உள்ளே போனவர்கள் வெறுமனே கேட்டுவிட்டு வரவில்லை. காவடிக்காரர் மெட்டைத் தூக்கிவந்தார். இடைசெவல்காரர்கள் கேட்டலை எழுத்தாக்கினார்கள். கேசட்காரர்கள் நிரலைத் தங்கள் கையில் எடுத்தார்கள். நம் முறைக்கு நாம் செய்யக்கூடியது எளிமையான வேலைதான். ஏற்றுகிற ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஊர், வருஷம், ராகம், முன்னால் நின்றவர் பெயரோடு, தவில், ஒத்து, தாளம் போட்டவர் பெயர் வரைக்கும் தமிழில் எழுதுவது. ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகள் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் ஒலிப்பதிவு செய்கிற போன் இருக்கிறது. பாடச் சொல்லிக் கேட்டால் முதலில் வெட்கப்படுவார்கள். "சாவு இல்லாத வீட்டில பாடப்படாது தம்பி" என்பார்கள். அந்த மறுப்பையும் சேர்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். அதுவும் இசை வரலாறுதான்.